1200 இன்சுலேட்டரில் எதை வைத்துக்கொள்வது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இண்டியானாவில் 28 ஆண்டுகளாகச் சேர்த்த பழைய தந்தி, டெலிபோன் கம்பங்களில் மின்சாரம் கம்பத்துக்குள் இறங்காமல் கம்பியைத் தாங்கிய கண்ணாடி இன்சுலேட்டர்கள் 1200-க்குக் கொஞ்சம் மேல். எல்லாம் பேஸ்மென்ட்டில். வீட்டை விற்றுவிட்டு இரண்டு படுக்கையறை அபார்ட்மென்டுக்குப் போகிறீர்கள். பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லை. எதை விற்பது, எங்கே விற்பது, கோபால்ட் நீலத்தில் ஹெமிங்ரே கம்பெனி வார்த்த ஒரு ஹெமிங்ரே-19-க்கும் அடர் ஊதாவில் இருக்கும் நான்கைந்துக்கும் என்ன விலை சொல்வது?

விலையிலிருந்து தொடங்காதீர்கள். நான் அப்படித் தொடங்கிப் பட்டவன். என்னிடம் ஏறக்குறைய 900 இருந்தன. ஒவ்வொன்றையும் எக்செல்லில் ஏற்றி, சேகரிப்பாளர்களுக்கான விலைக் கையேட்டைப் புரட்டி, எதிரே ஒரு தொகை போட்டுக்கொண்டே போனேன். ஒரு குளிர்காலம் முழுக்க அதிலேயே கழிந்தது. மார்ச்சில் பார்த்தால் 340 வரிசை நிரம்பியிருந்தது. ஒரு கண்ணாடிகூட வாசலைத் தாண்டவில்லை. இதில் இன்னொரு கூத்து, தொகையை எழுதிப் பார்த்த பிறகு ஒன்றையும் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு டாலர் பெறுமானமுள்ளதைக்கூட "இருக்கட்டுமே, அடுத்த வருஷம் ஏறலாம்" என்று திரும்ப அலமாரியில் வைத்தேன்.

அப்புறம்தான் வேறு வழி பிடித்தேன். புது வீட்டில் இதற்கென்று எவ்வளவு இடம் என்பதை முதலில் அளந்தேன். டெலிபோன் கம்பி தாங்கிய வழக்கமான இன்சுலேட்டர் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் அகலம். நான்கடித் தட்டில் தாராளமாகப் பன்னிரண்டு நிற்கும். ஜன்னலோரம் ஐந்து தட்டு வைக்க மனைவி சம்மதித்தாள். ஆக 60. அந்த 60-ஐ ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எடுத்து டைனிங் டேபிளில் வைத்தேன். மீதி எல்லாம் அந்த நிமிஷத்திலிருந்து விற்பனைச் சரக்கு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து "போகட்டுமா, இருக்கட்டுமா" என்று கேட்டிருந்தால் 900 தடவை மனசு அடித்துக்கொண்டிருக்கும்.

அந்த 60-ஐ எடுத்தபோது விலை கூடியவை பலவற்றைத் தாண்டிப் போனேன். எனக்குப் பிடித்தது புரூக்ஃபீல்டு கம்பெனியின் கண்ணாடி. நியூயார்க்கின் புரூக்ளினில் தொழிற்சாலை, மன்ஹாட்டனில் அலுவலகம். கண்ணாடியிலேயே அலுவலக முகவரியை அச்சில் வார்த்துவிடுவார்கள்: 55 ஃபுல்டன் தெரு, 45 கிளிஃப் தெரு, 83 ஃபுல்டன் தெரு. வாடகை வீடு மாறுவதுபோல அலுவலகம் மாற மாற எழுத்தும் மாறியது. அதனால் முகவரியை வைத்தே அது எந்தக் காலத்துக் கண்ணாடி என்று ஓரளவு சொல்லிவிடலாம். இவற்றில் பல சில டாலருக்கே கிடைக்கும். ஆனால் வரிசையாக நிறுத்திவைத்தால் ஒரு கம்பெனியின் வாழ்க்கையே தெரியும். வீட்டுக்கு வருபவர்களிடம் பத்து நிமிஷம் பேச அது ஒன்றே போதும்; ஆயிரம் டாலர் கண்ணாடியிடம் பல நேரம் அந்தப் பேச்சு இருக்காது.

இன்னொன்று, திருகு மரை இல்லாத ஒரே ஒரு கண்ணாடி. மோர்ஸ் 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையில் தந்தி அடித்துக் காட்டிய பிறகு இருபது ஆண்டுகள், கண்ணாடியின் உட்புறம் வழுவழுப்பாகவே இருந்தது. மர முளையின்மேல் அப்படியே அழுத்திச் செருகுவார்கள். காற்றிலும் குளிரிலும் கம்பி இழுத்தால் முளையை விட்டுக் கழன்றுவிடும். லூயிஸ் கோவே என்ற தச்சர் உள்ளே மரை வைக்கும் யோசனைக்கு 1865 ஜூலை 25 அன்று காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு வந்த கண்ணாடி பெரும்பாலும் திருகி உட்காருபவைதான். அந்த மரையில்லாத ஒன்றையும், அதை ஒட்டி மரையுள்ள ஒன்றையும் வைத்தால் போதும். மரையில்லாதவற்றைப் பத்துப் பதினைந்து வைத்திருப்பவர்கள் உண்டு. அவை பொதுவாக விலை கூடியவை, அதனால் கூடுதலாக இருப்பவற்றை விற்கும்போது நிதானம் தேவை.

உங்கள் 60 வேறாக இருக்கும், இருக்கவும் வேண்டும். இண்டியானாவில் சேர்த்தவர் என்பதால் மன்சி ஊரின் கதை உங்கள் கையில் இருக்கிறது. கென்டக்கியின் கோவிங்டனில் இருந்த ஹெமிங்ரே கம்பெனி, இண்டியானாவில் இயற்கை வாயு கிடைத்ததும் உலைக்கு மலிவான எரிபொருள் தேடி 1888 வாக்கில் மன்சிக்கு வந்தது. ஊறுகாய், ஜாம் போடும் கண்ணாடி ஜாடிக்குப் பேர் போன பால் (Ball) கம்பெனிக்காரர்களும் அதே வாயுவைத் தேடி அங்கே வந்தவர்கள்தான். 1933-இல் ஓவன்ஸ்-இல்லினாய் என்ற கண்ணாடிக் கம்பெனி ஹெமிங்ரேயை வாங்கியது. 1960-களின் பிற்பகுதி வரை அங்கே இன்சுலேட்டர் வார்த்தார்கள். மன்சியின் எண்பது ஆண்டை இருபது கண்ணாடியில் காட்டலாம்.

சரி, வைத்துக்கொள்வதை எடுத்தாயிற்று. மீதி 1140-ஐ என்ன செய்வது?

கசப்பான உண்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பெரும்பகுதிக்குக் காசே கிடையாது. ஹெமிங்ரே-42 என்று எழுதியிருப்பது, அதாவது சி.டி. 154, கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டது. வெளிர்நீலப் பச்சையிலும் நிறமற்ற கண்ணாடியிலும் எந்தப் பழைய பொருள் கடையிலும் கூடையில் கிடக்கும். அதை வாங்குபவர் மெழுகுவர்த்தி விளக்கு செய்பவராக இருப்பார், சேகரிப்பவராக இருக்க மாட்டார். ஒன்றிரண்டு டாலர் கிடைத்தால் கொடுத்துவிடுங்கள். தேன்கூடு என்று பெயர் வாங்கிய சி.டி. 145-லும், விட்டல் டேட்டம் (Whitall Tatum) கம்பெனியின் நம்பர் 1-லும் சாதாரண நிறம் என்றால் இதே கதைதான்.

சி.டி. எண் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: வுட்வர்ட் என்ற சேகரிப்பாளர் வகுத்த முறை இது. யார் செய்தது என்று பார்க்காமல், உருவத்தை மட்டும் வைத்து எண் கொடுக்கிறது. ஆகவே ஒரே சி.டி. எண்ணில் பத்துக் கம்பெனியின் கண்ணாடி இருக்கலாம். விலையை எண் தீர்மானிப்பதில்லை. எண், கம்பெனியின் எழுத்து, நிறம், சேதம் ஆகிய நான்கும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இதில் புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் தேதி. ஹெமிங்ரே கண்ணாடிகளில் 1893 மே 2 என்று இருக்கும். பார்த்தவுடன் "நூற்றிமுப்பது வருஷத்துக் கண்ணாடி" என்று துள்ளுவார்கள். அது காப்புரிமை தேதி. கீழ் விளிம்பில் பல்வரிசைபோல் இருக்கும் சொட்டு முனைகளுக்கு வாங்கிய உரிமை. மழைத்தண்ணீர் அந்த முனைகளில் திரண்டு சொட்டி விழுந்துவிடும், மர முளைப் பக்கம் ஏறாது என்று விளம்பரம் செய்தார்கள். அந்தத் தேதியை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அச்சில் விட்டுவைத்தார்கள். விற்கும்போது வருஷத்தைப் பெரிதாகப் போட்டு விளம்பரம் செய்யாதீர்கள். தெரிந்தவர் பார்த்தால் உங்கள் மற்ற சரக்கையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்.

ஆக, பிரிக்கும்போது உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆராய வேண்டாம். ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் நின்று நிறத்தை மட்டும் பாருங்கள். மணலில் இருக்கும் இரும்பால் வரும் வெளிர்நீலப் பச்சையும், நிறமற்றதும் ஒரு பக்கம். ஆம்பர், ஆலிவ் பச்சை, ஆழ்ந்த பச்சை, கோபால்ட், ஊதா, பால் கலந்ததுபோல் இருப்பது, இரண்டு நிறம் சுழித்து ஓடுவது எல்லாம் மறுபக்கம். அதோடு மரையில்லாதவை, எழுத்து தலைகீழாகவோ பிழையாகவோ வார்க்கப்பட்டவை, காது வைத்த பெரிய மின்கம்பி இன்சுலேட்டர்கள். மிக்கி மவுஸ் என்று செல்லமாகச் சொல்லும் சி.டி. 257 இந்த வகையைச் சேர்ந்தது. இரண்டு நாளில் முடிந்துவிடும். 1140-இல் நூறு, நூற்றைம்பது இந்தப் பக்கம் தேறினால் அதிர்ஷ்டம். உங்கள் நேரம் முழுவதும் இவற்றுக்குத்தான். மீதி ஆயிரம் பெட்டிக்கணக்கு.

இப்போது நீங்கள் கேட்ட ஊதா. முன்காலத்தில் கண்ணாடியின் பச்சையைப் போக்க மாங்கனீஸ் சேர்ப்பார்கள். அந்தக் கண்ணாடி ஆண்டுக்கணக்கில் வெயிலில் நின்றால் மெல்ல ஊதாவாகும். லாங் பீச்சில் 1912 முதல் சில ஆண்டுகளே ஓடிய கலிபோர்னியா கிளாஸ் இன்சுலேட்டர் கம்பெனியின் கண்ணாடிகள் இப்படி ஊதாவானதற்குப் பேர் போனவை. ஆனால் அந்த வேலையைக் கதிர்வீச்சு சில மணி நேரத்தில் செய்துவிடும். நிறமற்ற மலிவுக் கண்ணாடியை வாங்கி, காமா கதிரில் வைத்து, அடர் ஊதாவாகவோ பழுப்பாகவோ எடுத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். கையில் வைத்திருப்பதால் ஆபத்தில்லை. கண்ணாடி கதிரியக்கம் ஆவதில்லை. பர்ஸுக்குத்தான் ஆபத்து.

நானே ஏமாந்தேன். ஒரு சந்தையில், கத்தரிக்காய் நிறத்தில் ஒன்று, 90 டாலர். வீட்டுக்கு வந்து கையேட்டைப் பார்த்தால் அந்த எழுத்தில் ஊதாவே பட்டியலில் இல்லை. அதுதான் முதல் சோதனை: எந்த அச்சுக்கு எந்த நிறங்கள் இதுவரை தெரியவந்திருக்கின்றன என்று கையேடுகள் பட்டியல் போட்டிருக்கின்றன. பட்டியலில் இல்லாத நிறம் உங்களிடம் இருந்தால், கண்டுபிடிப்பு என்று குதிக்குமுன் சந்தேகப்படுங்கள். நிஜ ஊதா பெரும்பாலும் மென்மையாக இருக்கும். மையைக் கொட்டியதுபோல் இருளாக, எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக இருந்தால் கவனம். உங்கள் நான்கைந்தையும் பழுத்த சேகரிப்பாளர் ஒருவரிடம் நேரில் காட்டுங்கள். போலி என்று தெரிந்தால் அப்படியே சொல்லி இரண்டு டாலருக்கு விற்கலாம், தப்பில்லை. மறைத்து விற்றால் இந்தச் சிறிய வட்டத்தில் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

சேதத்தைப் பார்ப்பதில் கண்ணைவிட விரல் நல்லது. விளிம்பைச் சுற்றி விரலை மெதுவாக ஓட்டுங்கள். கூர்மையான சொட்டு முனை வைத்த பழையவற்றில் ஒரு முனையாவது உடைந்திருக்கும். கம்பத்திலிருந்து இறக்கித் தரையில் வைத்தாலே போதும். ஒரு சிறு சிதறல் சாதாரணக் கண்ணாடியின் விலையைப் பூஜ்யமாக்கும், அரிய கண்ணாடியின் விலையைப் பாதியாக்கும். விளம்பரத்தில் சேதத்தை முதல் வரியில் எழுதுங்கள், படமும் அந்தப் பக்கத்தையே காட்டட்டும். திரும்பி வரும் பார்சலைவிடக் குறைந்த விலை மேல்.

கழுவ வேண்டுமா? அந்த நூறு, நூற்றைம்பதை மட்டும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் தேய்க்கும் சோப்பு போதும். ரயில் பாதையோரம் நின்றவற்றில் பல ஆண்டுப் புகைக்கரி ஏறியிருக்கும், அதற்கும் துருவுக்கும் ஆக்ஸாலிக் அமிலத் தூளைத் தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் இரண்டு நாள் ஊறவைப்பது வழக்கம். அது விஷம். கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டு, கராஜுக்கு வெளியே, பேரக்குழந்தைகள் வராத நாளில் செய்யுங்கள். வானவில் பூச்சுள்ள கார்னிவல் வகைகளை, குறிப்பாகக் கார்னிங் செய்த பைரெக்ஸை, அதில் போடாதீர்கள். பூச்சுதான் அதன் விலை. குளிர்ந்த பேஸ்மென்ட்டிலிருந்து எடுத்த கண்ணாடியைக் கொதிநீரில் வைக்காதீர்கள். நான் வைத்தேன், மெதுவாக ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

விற்கும் இடம். நல்லவற்றைச் சேகரிப்பாளர் கூடும் இடத்தில் விற்பதுதான் சரி. 1973-இல் தொடங்கிய தேசிய இன்சுலேட்டர் சங்கம் ஆண்டுதோறும் கோடையில் பெரிய கண்காட்சி நடத்துகிறது. உங்களுக்கு அருகில் ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்டில் நவம்பரில் ஒரு கண்காட்சி உண்டு, காரில் போய்வரலாம். ஒரு மேஜை எடுத்து உட்கார்ந்தால் பார்சல் கட்டும் வேலை மிச்சம், விலையும் கண்ணெதிரே தெரியும். நான் போன முதல் நாள் காலையில் பத்தே நிமிஷத்தில் எட்டுக் கண்ணாடியை ஒருவர் அள்ளிக்கொண்டு போனார். நான் விலையைக் குறைத்துப் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஆகவே கதவு திறப்பதற்குமுன் மற்ற மேஜைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்து உங்கள் விலைச் சீட்டை ஒட்டுங்கள்.

மிக அரியவை ஐந்தாறு இருந்தால் இன்சுலேட்டருக்கென்றே ஏலம் நடத்துபவர்களிடம் ஒப்படைக்கலாம். கமிஷன் எடுப்பார்கள், ஆனால் வாங்கக்கூடிய ஆட்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். நடுத்தரமானவற்றுக்கு ஈபே. கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டால் உண்மை விலை தெரியும். கையேட்டு விலை சேதமில்லாத கண்ணாடிக்கானது, அதுவும் சாதாரண ரகங்களுக்குப் பல நேரம் கிடைக்காத விலை.

மொத்தமாக ஒருவரே வாங்கிக்கொள்கிறேன் என்று வருவார். அவர் வண்டி, அவர் சுமை, அவர் ஆபத்து. ஆகவே தொகை குறைவாகத்தான் இருக்கும். அது நியாயமும்கூட. ஆனால் நல்லவற்றைப் பிரித்து எடுப்பதற்குமுன் அவரைப் பேஸ்மென்ட்டுக்குள் விடாதீர்கள். நல்லதை விற்று முடித்த பிறகு அந்த ஆயிரத்தை அவரிடம் தள்ளிவிடுங்கள். ஒன்று அரைக் கிலோவுக்கு முன்பின். ஆயிரம் என்றால் அரை டன். முதுகைக் காப்பாற்றிக்கொள்வதும் லாபம்தான். அவருக்கும் வேண்டாம் என்றால் தோட்டக்காரர்கள், விளக்கு செய்பவர்கள், பள்ளியில் மின்சாரம் சொல்லித்தரும் ஆசிரியர் என்று எடுத்துக்கொள்ள ஆள் இருக்கும். நான் கடைசி 200-ஐ "இலவசம்" என்று எழுதி வாசலில் வைத்தேன், சாயங்காலத்துக்குள் அட்டைப்பெட்டி உட்படப் போய்விட்டது.

பார்சல் பற்றி ஒரே விஷயம்: கண்ணாடி கண்ணாடியைத் தொடக்கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் குமிழ்ப் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஒரு பெட்டி, அதைச் சுற்றி இன்னொரு பெட்டி. உள்ளே இருக்கும் குழியிலும் காகிதம் திணியுங்கள். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. தபால்துறையின் ஒரே கட்டணப் பெட்டியில் 70 பவுண்டு வரை எடை பார்ப்பதில்லை, இந்தக் கனமான சரக்குக்கு அது வரப்பிரசாதம். பெரிய பெட்டியில் ஒன்பது வரை திணிக்க ஆசை வரும். நான் ஆறுக்குமேல் வைப்பதில்லை.

வரியை மறந்துவிடாதீர்கள். அமெரிக்க வரிச் சட்டத்தில் இவை சேகரிப்புப் பொருள். ஓராண்டுக்குமேல் வைத்திருந்து லாபத்தில் விற்றால் வரி 28% வரை போகலாம், பங்குகளுக்கு இருக்கும் சலுகை இல்லை. 28 ஆண்டுக்கு முன் கொடுத்த விலைக்கு ரசீது எங்கே என்பீர்கள். பழைய குறிப்பேடு, காசோலைத் தாள் எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து வரிச்சலுகை வாங்கலாம் என்றால், பொருளாகக் கொடுக்கும் நன்கொடை 500 டாலருக்குமேல் போனால் படிவம் 8283, 5000-க்குமேல் போனால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும். அந்த நிறுவனம் அதைத் தன் பணிக்கே பயன்படுத்த வேண்டும். வாங்கி விற்றுக் காசாக்கினால் உங்கள் சலுகை நீங்கள் வாங்கிய விலையோடு சுருங்கிவிடும். எதற்கும் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பொதுவாக அருங்காட்சியகங்களுக்கு ஹெமிங்ரே-42 தேவையே இல்லை. எங்கே கிடைத்தது என்ற கதையோடு இருப்பதைத்தான் கேட்பார்கள்.

வைத்துக்கொள்ளும் 60-க்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது, என்ன விலை என்று சின்னச் சீட்டில் எழுதி உள்ளே செருகிவையுங்கள். முடிந்தால் "இதை விற்பதென்றால் இவரைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு சேகரிப்பாளரின் பெயரும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஆர்வம் வேண்டாம், அந்தச் சீட்டு போதும்.

உங்கள் கோபால்ட் ஹெமிங்ரே-19-க்கு வருகிறேன். அந்த நிறத்தில் அது வார்க்கப்பட்டது உண்மை, சேகரிப்பவர்கள் விரும்பித் தேடுவதும் உண்மை. அதனாலேயே படம் பார்க்காமல் நான் தொகை சொல்ல மாட்டேன். பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தை வைத்து, எழுத்து தெரிய ஒரு படம், விளிம்பைச் சுற்றி நான்கு படம், தலைப்பகுதிக்கு ஒன்று எடுங்கள். யாராவது அதற்கு முன்பே போனில் விலை பேசினால், "இன்னும் முடிவு பண்ணவில்லை" என்று மட்டும் சொல்லிவையுங்கள்.